சேலையை கார்ட்டில் போடுகிறார்கள், வாங்காமல் போகிறார்கள். வர்ணனையில் என்ன தவறு?

சேலைக்கடை_சாட்ஸ்வொர்த்:
வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீட்டிலிருந்தே ஆன்லைனில் சேலை விற்கிறேன். தைப்பூசக் காவடிக்கென்று மஞ்சள் காட்டன் சேலை 40 இறக்கியிருக்கிறேன். வருகிறவர்கள் கார்ட்டில் போடுகிறார்கள், பணம் கட்டும் பக்கம் வந்ததும் போய்விடுகிறார்கள். போன வாரம் 3 தான் விற்றது. படங்கள் நன்றாகவே இருக்கின்றன. தளம் ஆங்கிலத்தில் இருப்பதால் வர்ணனையை இங்கே தமிழில் தருகிறேன்:

"மங்களம் கலெக்‌ஷன் 07. பாரம்பரிய அழகும் நவீன நேர்த்தியும் இணைந்த உன்னதப் படைப்பு. குளிர்காலப் பண்டிகைகளுக்கு ஏற்றது. 650 ரேண்ட்."

இந்தியாவிலிருந்து மொத்த வியாபாரி அனுப்பியதை அப்படியே போட்டேன். எதை மாற்றுவது?

தறி_நூல்:
தங்கச்சி, தை மாதம் டர்பனில் ஏது குளிர்? அங்கே நடுக்கோடை, புழுக்கம் ஆளைக் கொல்லும். அந்த வரியை இன்றே எடுத்துவிடுங்கள். படிக்கிறவர், இந்தச் சேலையை விற்பவரே தொட்டுப் பார்க்கவில்லை என்று நினைத்துவிடுவார். வாட்ஸ்அப்பில் உங்களிடம் என்னென்ன கேட்கிறார்கள்? அவர்கள் வார்த்தையிலேயே இங்கே போடுங்கள்.

சேலைக்கடை_சாட்ஸ்வொர்த்:
அது என் கண்ணில் படவே இல்லை அக்கா. "நனைந்தால் உள்ளே தெரியுமா?", "சாயம் போகுமா?", "ஃபால் தைத்திருக்கிறதா?", "பிளவுஸ் துணி உண்டா?", "டோங்காட்டுக்கு அனுப்ப எவ்வளவு?" கடைசிக் கேள்விதான் அதிகம் வருகிறது.

தறி_நூல்:
அப்படியானால் வர்ணனையை அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். உங்களிடம் கேட்டவர் ஒருவர் என்றால், கேட்காமலே போனவர்கள் எத்தனையோ பேர். தலைப்பையும் மாற்றுங்கள், "மங்களம் 07" என்று யாரும் தேடமாட்டார்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"காவடிக்கு மஞ்சள் காட்டன் சேலை. புழுக்கத்தில் உடம்பில் ஒட்டாது. மெல்லிய துணி, நனைந்தால் உள்பாவாடை தெரியும். மஞ்சள் பாவாடை கட்டுங்கள். நீளம் 5.5 மீட்டர், கூடவே 80 செ.மீ. பிளவுஸ் துணி. ஃபால் தைத்தே வரும். முதல் அலசலில் கொஞ்சம் சாயம் போகும், தனியாக அலசுங்கள்."

குறையையும் மறைக்காமல் சொன்னால்தான் மற்ற வரிகளை நம்புவார்கள். ஆனால் நனைப்பது, சாயம், அளவு எல்லாம் என் ஊகம். நீங்களே அளந்து, நனைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

லெனேசியா_தம்பி:
அக்கா, கூரியர் கட்டணம் கடைசிப் பக்கத்தில்தானே தெரிகிறது? 650 என்று மனதில் கணக்குப் போட்டு வந்தவர் அங்கே 760-ஐப் பார்த்தால் திரும்பிவிடுவார். விலைக்குக் கீழேயே போடுங்கள். நம் நாட்டு 2002-ஆம் ஆண்டு மின்னணுத் தகவல்தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டத்தின் 43-ஆம் பிரிவும், அனுப்பும் செலவும் வரியும் சேர்ந்த முழு விலையைக் காட்டத்தான் சொல்கிறது. முகவரி, தொலைபேசி எண், திருப்பி அனுப்பும் விதி எல்லாம் தளத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால், பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள் வாங்கியவர் ரத்து செய்யலாம்.

44-ஆம் பிரிவுப்படி, காரணமே சொல்லாமல் 7 நாளுக்குள் திருப்பித் தரலாம், திருப்பி அனுப்பும் செலவு மட்டும் அவருடையது. இதைப் பலர் விதிமுறைப் பக்கத்தில் எங்கோ ஒரு மூலையில் வைக்கிறார்கள். "வாங்கு" பட்டனுக்குப் பக்கத்திலேயே ஒரு வரியாகப் போடுங்கள். தயங்குகிறவருக்கு அந்த இடத்தில்தான் தைரியம் வேண்டும்.

சேலைக்கடை_சாட்ஸ்வொர்த்:
பிளவுஸ் தைத்தும் கொடுக்கிறேன் தம்பி. அதையும் திருப்பி வாங்க வேண்டுமா?

லெனேசியா_தம்பி:
இல்லை அக்கா. வாங்குபவர் சொன்ன அளவுக்குச் செய்த பொருளுக்கு அந்த 7 நாள் பொருந்தாது. ஆனால் அதை அளவு கேட்கும் இடத்திலேயே சொல்லிவிடுங்கள், பிறகு மனக்கசப்பு வராது.

சேலைக்கடை_சாட்ஸ்வொர்த்:
நேற்றிரவு ஒரு சேலையை வாளியில் முக்கிப் பார்த்தேன். சாயம் போகவில்லை. ஆனால் வெள்ளைப் பாவாடை மேல் வைத்தால் அப்படியே தெரிகிறது. அதை எழுதி, காய்ந்தபோது ஒன்று, நனைந்தபோது ஒன்று என்று இரண்டு படமும் சேர்த்தேன். கூரியர் கட்டணம் இப்போது விலைக்குக் கீழே. காலையில் டோங்காட்டிலிருந்து ஒருவர் இரண்டு சேலை வாங்கிவிட்டு, மஞ்சள் பாவாடையும் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். தையல்காரரிடம் இன்றே பேசப் போகிறேன்.