மகள் வரைந்த மக்னீசியம் குளோரைடு ஏன் தப்பு?

பீடோர் அப்பா:
வணக்கம். பீடோர் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் உரம் போடுகிறேன். மகள் படிவம் 4. பள்ளியில் வேதியியல் மலாயில்தான். 'இக்காத்தான் இயோன்' (அயனிப் பிணைப்பு) என்று அவள் படிப்பதைத் தமிழில் புரிந்துகொள்ளப் பார்க்கிறேன். நேற்று வந்த தாளில் மக்னீசியம் குளோரைடு படத்துக்கு மார்க்கே இல்லை. பொட்டாசியம் குளோரைடின் சூத்திரம் மட்டும் கேட்டார்கள், அதை ஒன்றுக்கு ஒன்று என்று எழுதிச் சரி வாங்கிவிட்டாள். (நாங்கள் தோளில் சுமக்கும் எம்ஓபி உரம் அதுதானாம்!) இங்கேயும் ஒன்றுக்கு ஒன்று போட்டால் என்ன தப்பு?

டியூஷன் அக்கா:
அண்ணே, படத்தில் வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டுகின்றனவா?

பீடோர் அப்பா:
ஆமாம்மா. ஒரு மக்னீசியம், ஒரு குளோரின், வெட்டும் இடத்தில் இரண்டு புள்ளி.

டியூஷன் அக்கா:
அப்படியென்றால் தப்பு இரண்டு. வட்டம் வெட்டினால் எலெக்ட்ரானைப் பங்கு போடுவதாக அர்த்தம். தண்ணீரில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அப்படித்தான். இங்கே பங்கு கிடையாது, உலோகம் கொடுத்தேவிடும்.

மக்னீசியம் 2.8.2, அதாவது உள்ளிருந்து ஒவ்வொரு கூட்டிலும் உள்ள எலெக்ட்ரான் எண்ணிக்கை. கடைசிக் கூட்டில் உள்ள இரண்டையும் கொடுத்தால்தான் 2.8 என்று நிலையாகும். குளோரின் 2.8.7, அதற்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இன்னொன்றை யார் வாங்குவது? வேறொரு குளோரின்தான் வர வேண்டும். பொட்டாசியம் 2.8.8.1. கொடுக்க ஒன்று, வாங்க ஒன்று, அங்கேயே கணக்கு முடிந்தது.

எலெக்ட்ரானைக் கொடுத்தோ வாங்கியோ மின்னூட்டம் பெற்ற அணுதான் அயனி. மூன்று அயனிகளையும் தனித்தனியாக, சதுர அடைப்புக்குள் வரையச் சொல்லுங்கள். மக்னீசியத்துக்கு 2+, குளோரைடு ஒவ்வொன்றுக்கும் 1−. இந்த எதிரெதிர் மின்னூட்டங்களின் இழுப்புதான் பிணைப்பு.

பழைய லேப் ஆள்:
சூத்திரம் எழுத அயனிகளின் மின்னூட்ட எண்களைக் குறுக்கே மாற்றிப் போடும் வித்தையை யாராவது சொல்லித் தருவார்கள். அதை நம்பி மக்னீசியம் ஆக்சைடில் இரண்டுக்கு இரண்டு என்று எழுதிவிட வேண்டாம், சுருக்கி ஒன்றுக்கு ஒன்று. உலோகமும் அலோகமும் சேர்ந்தாலே அயனிச் சேர்மம் என்றும் கிடையாது. சாப்பாட்டு உப்பு உருக 801 பாகை செல்சியஸ் வேண்டும். அலுமினியம் குளோரைடோ சுமார் 180 பாகையிலேயே உருகாமல் ஆவியாகிவிடும். அதில் பங்கு போடும் குணம் அதிகம்.

பீடோர் அப்பா:
திருத்தி வரைந்துவிட்டாள், நன்றி. இப்போது கீசரைட் சாக்கைக் காட்டி, 'இதுவும் மக்னீசியம்தானே, இதில் எத்தனைக்கு எத்தனை?' என்கிறாள்.

டியூஷன் அக்கா:
அது மக்னீசியம் சல்பேட். சல்பேட் அயனிக்கு 2−, அதனால் ஒன்றுக்கு ஒன்று. ஆனால் சல்பேட்டுக்குள்ளே கந்தகமும் ஆக்சிஜனும் பங்குதான் போட்டுக்கொள்கின்றன. அங்கே அவள் வட்டத்தை வெட்டிக்கொள்ளட்டும்.