புதுப்பிப்பு: புது ஆன்டெனா போட்டும் படம் உடைவது ஏன்

போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன்: அமெரிக்காவில் கூரையில் டிவி ஆன்டெனா மாட்டியும், கால்பந்து ஆட்டத்தில் கேமரா வேகமாகத் திரும்பினால் புல்தரை கட்டம் கட்டமாக உடைகிறது என்று. ஆன்டெனா மேல் பழி போட்டது என் தப்பு.

சிக்னல் பலவீனமென்றால் படம் உறையும், சத்தம் விட்டுவிட்டு வரும், பிறகு ஒரேயடியாகப் போய்விடும். எனக்கு சத்தம் சுத்தமாக இருக்கிறது. அசைவு வரும்போது மட்டும்தான் கட்டங்கள். அப்படியென்றால் கோளாறு நிலையம் அனுப்பும்போதே இருக்கிறது.

ஒரு நிலையத்தின் ஒளிபரப்புச் சேனலுக்கு ஒதுக்கும் அலைவரிசை அகலம் 6 மெகாஹெர்ட்ஸ். ஏடிஎஸ்சி 1.0 என்ற அமெரிக்க டிஜிட்டல் டிவி ஒளிபரப்பு முறையில் அதற்குள் நொடிக்கு 19.39 மெகாபிட்தான் போகும், அதுவும் பெரும்பாலும் எம்பெக்-2 என்ற பழைய வீடியோ சுருக்க முறையில். ஒரே எச்டி சேனல் என்றால் தாராளம். நான் பார்க்கும் நிலையமோ அதற்குள்ளேயே இன்னும் ஐந்து துணைச் சேனல்களைத் திணித்திருக்கிறது. ஒரு ஆள் சாப்பாட்டை ஆறு இலையில் போட்டால்? அசைவு கூடினால் பிட்டும் கூட வேண்டும்; செய்தி வாசிப்பவர் அசையாமல் உட்கார்ந்திருப்பதால் தப்பிக்கிறார், பந்து மாட்டிக்கொள்கிறது.

சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் வாங்கச் சொன்னவர்களுக்கு: வாங்கினேன், ஒரு மாற்றமும் இல்லை, திருப்பி அனுப்பிவிட்டேன்.