ஆர் என்ற புள்ளியியல் நிரல் மொழியில் எல்லா பேக்கேஜையும் (துணை நிரல் தொகுப்பையும்) ஒரே மூச்சில் அப்டேட் செய்யலாமா, கூடாதா?

கயல்:
நேற்று மாலை ஆர் ஸ்டூடியோவை (ஆரில் எழுதி ஓட்டும் செயலி) திறந்து எல்லா பேக்கேஜையும் அப்டேட் செய்யும் கட்டளையைக் கொடுத்தேன். பழையவை என்று எழுபதுக்கும் மேல் பட்டியல் வந்தது, எல்லாவற்றுக்கும் சரி சொன்னேன். நடுவில், சிலவற்றுக்கு பைனரியைவிட (தயாராகக் கட்டிய வடிவம்) சோர்ஸ் (மூல நிரல்) புதிதாக இருக்கிறது, கம்பைல் செய்து நிறுவட்டுமா என்று ஒரு கேள்வி. அதற்கும் ஆம் என்றேன். ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் செஷன் உறைந்துவிட்டது. மூடித் திறந்தேன்.

இப்போது தரவைக் கையாளும் டிபிளையர் பேக்கேஜ் ஏறவே மாட்டேன் என்கிறது. அது சார்ந்திருக்கும் ஆர்லாங் பேக்கேஜின் பழைய பதிப்பு ஏற்கெனவே ஏறியிருக்கிறது, ஆனால் எனக்கு அதைவிடப் புதியது வேண்டும் என்று பிழை காட்டுகிறது. ஆர்லாங்கை மட்டும் மறுபடி நிறுவப் பார்த்தால், 00லாக் என்று தொடங்கும் கோப்புறையின் பேரைச் சொல்லி, லைப்ரரியை (பேக்கேஜ்கள் இருக்கும் கோப்புறை) பூட்ட முடியவில்லை என்கிறது. விண்டோஸ், ஆர் 4.3.

கட்டுரையின் திருத்திய வடிவத்தை அடுத்த வாரம் அனுப்பியாக வேண்டும். இரண்டு கேள்விகள். இதிலிருந்து எப்படி மீள்வது? நான் செய்ததே தவறா, இல்லை செய்த விதம்தான் தவறா?

தச்சன்:
பதற வேண்டாம். உங்கள் ஸ்கிரிப்டும் தரவும் பத்திரமாக இருக்கின்றன. லைப்ரரி கோப்புறைதான் பாதி பழசும் பாதி புதுசுமாக நிற்கிறது.

நடந்தது இதுதான். பேக்கேஜ் ஒன்று செஷனில் ஏறியிருக்கும்போது அதன் டிஎல்எல் கோப்பை (கம்பைல் ஆன நிரல் பகுதி) விண்டோஸ் பிடித்து வைத்துக்கொள்ளும், அதன் மேல் வேறொன்றை எழுத விடாது. ஆர்லாங் ஏறியிருந்தது, அதனால் பழசாகவே தங்கிவிட்டது. டிபிளையர் அந்த நேரத்தில் ஏறியிருக்கவில்லை போலும், அது புதிதாக மாறிவிட்டது. புதிய டிபிளையர் புதிய ஆர்லாங்கைக் கேட்கிறது, அங்கே இருப்பதோ பழசு.

00லாக் கோப்புறையைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. சோர்ஸிலிருந்து நிறுவும்போது ஆர் பழைய பிரதியை அதற்குள் எடுத்து வைக்கும். நிறுவல் தோற்றால் அதைத் திரும்பப் போடும். நடுவில் செஷன் செத்துப்போனால் அந்தக் கோப்புறை அப்படியே கிடக்கும், அடுத்த முறை வேறு யாரோ நிறுவிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆர் எண்ணிக்கொள்ளும்.

ஆர் ஸ்டூடியோவின் எல்லா ஜன்னல்களையும் மூடுங்கள். டாஸ்க் மேனேஜரில் ஆர் எதுவும் பின்னணியில் ஓடவில்லை என்று பார்த்துவிட்டு அந்த 00லாக் கோப்புறையை நீக்குங்கள். அப்புறம் ஆர் ஸ்டூடியோ வேண்டாம், வெறும் ஆர் கன்சோலை வெனிலா விருப்பத்தோடு திறங்கள். அப்படித் திறந்தால் ஆர்புரொஃபைல் (ஆர் திறந்ததும் ஓடும் உங்கள் அமைப்புக் கோப்பு) படிக்கப்படாது, பழைய ஆர்டேட்டாவும் (சேமித்து வைத்த செஷன்) மீளாது, ஆக எந்தப் பேக்கேஜும் தானாக ஏறியிருக்காது. அங்கே முதலில் ஆர்லாங்கை மட்டும் நிறுவுங்கள். சோர்ஸா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கொஞ்சம் பழைய பைனரி வரும், அது போதும். கம்பைல் செய்யத் தேவையான ஆர் டூல்ஸ் சரியாக இல்லாத கணினியில் சோர்ஸுக்கு ஆம் சொன்னதிலிருந்துதான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது. ஆர்லாங் ஏறினால் மிச்சத்தை அப்டேட் செய்யுங்கள், செக்பில்ட் விருப்பத்தை உண்மை என்று வைத்து. பழைய ஆரில் கட்டப்பட்ட பேக்கேஜ்களையும் அது மறுபடி நிறுவும்.

ஓர் எச்சரிக்கை: லைப்ரரிப் பாதையை நீங்களே ஆர்புரொஃபைலிலோ ஆர்என்விரானிலோ மாற்றி வைத்திருந்தால் வெனிலா அதையும் படிக்காது. நிறுவுவதற்கு முன்னால் லைப்ரரிப் பாதைகளைக் காட்டும் லிப்பாத்ஸ் கட்டளையை ஓட்டிப் பாருங்கள்.

மாறிலி:
தச்சன் சொன்ன வழி சரி. இரண்டாவது கேள்விக்கு நான் நேராகவே சொல்கிறேன், கயல்: செய்ததே தவறு. கட்டுரை திருத்தத்தில் இருக்கும்போது எழுபது பேக்கேஜை மாற்றக் கூடாது.

உங்களுக்குப் பிழை வந்தது, அதனால் தெரிந்தது. எனக்குப் பயம் பிழையே வராத மாற்றங்கள்தான். 2023 ஜனவரியில் வந்த டிபிளையர் 1.1.0 இல் அரேஞ்ச் ஃபங்ஷன் வரிசைப்படுத்தும் முறை மாறியது. அதுவரை கணினியின் மொழி அமைப்பைப் பார்த்து வரிசைப்படுத்தியது, அதன் பிறகு சி லொக்கேல் (கணினியின் மொழி அமைப்பைப் பாராத வரிசை) இயல்பானது. அதாவது ஆங்கிலப் பெரிய எழுத்துகள் எல்லாம் முன்னால், சிறிய எழுத்துகள் எல்லாம் பின்னால். ஸ்கிரிப்ட் அதேபோல் ஓடும், ஒரு வார்த்தை எச்சரிக்கை இருக்காது. ஆரிலேயே இப்படி நடந்திருக்கிறது. 2019 இல் வந்த 3.6.0 இல் சாம்பிள் ஃபங்ஷன் எண்களைத் தேர்ந்தெடுக்கும் முறை மாறியது. அதே சீட் (தற்செயல் தேர்வின் தொடக்க எண்) கொடுத்தாலும் வேறு மாதிரி வரும். 2020 இல் 4.0.0 வந்தபோது, டேட்டா ஃபிரேமில் எழுத்து நெடுவரிசைகள் தானாக ஃபேக்டராக (வகைப் பிரிவுத் தரவாக) மாறுவது நின்றது.

ஒவ்வொரு ஆய்வுக்கும் தனி லைப்ரரி வைத்து, ரென்வ் என்ற பேக்கேஜைக் கொண்டு பதிப்புகளைப் பூட்டுக் கோப்பில் பதிந்து வையுங்கள். கட்டுரை அச்சேறும் வரை அதில் கை வைக்காதீர்கள்.

ஓடை:
மாறிலி, இதை நான் ஏற்கவில்லை. நீங்கள் சொன்ன மூன்று மாற்றங்களும் உண்மை. ஆனால் மூன்றும் வெளியீட்டுக் குறிப்புகளில் எழுதப்பட்டவை. படித்தவருக்குத் தெரியும்.

பூட்டி வைத்ததால் நான் பட்டதைச் சொல்கிறேன். நில வரைபடத் தரவுகளோடு வேலை செய்கிறவள் நான். எங்கள் குழுவில் ஆர்ஜிடால், ஆர்ஜியோஸ், மேப்டூல்ஸ் மூன்றையும் வைத்து எழுதிய ஸ்கிரிப்டுகளை யாரும் தொடக் கூடாது என்று வருடக்கணக்கில் பூட்டி வைத்திருந்தோம். 2023 அக்டோபரில் அந்த மூன்றும் ஆர் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான கிரானிலிருந்து விலக்கப்பட்டன. புதிய கணினி வாங்கியதும் எதுவும் ஓடவில்லை. அவற்றுக்குப் பதிலான எஸ்எஃப், டெர்ரா இரண்டுக்கும் மாற்றி எழுத ஒன்றரை மாதம் ஆனது. எழுதியவர் குழுவை விட்டுப் போய்விட்டதால் ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று ஊகிக்க வேண்டியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வந்திருந்தால் அவர் இருக்கும்போதே முடிந்திருக்கும்.

பூட்டுக் கோப்பைப் பற்றியும் ஒன்று. ரென்வ் ஆரின் பதிப்பைக் குறித்து வைக்கும், ஆனால் அந்த ஆரை நிறுவித் தராது. அடியில் இருக்கும் சிஸ்டம் லைப்ரரிகளையும் அது பூட்டாது. கிரான் காப்பகத்தில் பழைய பதிப்புகள் சோர்ஸாகத்தான் இருக்கின்றன, மூன்று வருடம் கழித்து மீட்க முயன்றால் எல்லாவற்றையும் கம்பைல் செய்ய வேண்டும். கிரானின் நாள்வாரி நகல் வைத்திருந்த மைக்ரோசாஃப்டின் எம்ரானை நம்பி இருந்தவர்களுக்கு 2023 ஜூலையில் அதுவும் மூடப்பட்டது.

பாதுகாப்பும் இருக்கிறது. ஆர் தரவைச் சேமிக்கும் ஆர்டிஎஸ் கோப்பைத் திறந்து அதில் உள்ளதைப் பயன்படுத்தினாலே அதற்குள் ஒளித்து வைத்த குறிமுறை ஓடிவிடக்கூடிய ஓட்டை 2024 இல் வெளியே தெரிந்தது, 4.4.0 இல் அடைத்தார்கள். பூட்டியவர்களிடம் அந்த ஓட்டை அப்படியே இருக்கிறது.

மாறிலி:
ஆரின் பதிப்பைப் பற்றி நீங்கள் சொன்னது நியாயம், அதை நான் விட்டுவிட்டேன். எம்ரான் போனாலும் பாசிட் நிறுவனத்தின் பொது பேக்கேஜ் மேனேஜரில் இன்றும் நாள்வாரி நகல்கள் கிடைக்கின்றன, பைனரியோடு.

ஆனால் உங்கள் வரைபடக் கதையில் குற்றவாளி பூட்டு அல்ல. அந்த மூன்று பேக்கேஜும் போகப்போகின்றன என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். உங்கள் குழு பூட்டிவிட்டுத் திறக்கவே இல்லை. நான் அப்படிச் சொல்லவில்லை. திறக்கிற நாள் என் கையில் இருக்க வேண்டும் என்கிறேன். கட்டுரைக்கு ஏழு நாள் இருக்கும்போது அந்த நாள் வரக் கூடாது.

ஓடை:
அந்த நாள் வரும்போது இரண்டு வருட மாற்றம் மொத்தமாக வந்து விழும். எண் மாறிவிட்டது என்று வையுங்கள், எண்பது பேக்கேஜில் எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? மாதம் ஒருமுறை செய்தால் மாறியிருப்பது நாலைந்துதான், அவற்றின் குறிப்புகளை அரை மணி நேரத்தில் படித்துவிடலாம்.

செய்தால் முழுதாகச் செய்ய வேண்டும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2023 கடைசியில் மேட்ரிக்ஸ் பேக்கேஜை மட்டும் புதுப்பித்தவர்களுக்கு அதைச் சார்ந்த ஐஆர்எல்பிஏ பேக்கேஜ் உடைந்தது. தேவையான ஒரு ஃபங்ஷனை மேட்ரிக்ஸ் தரவில்லை என்று பிழை வந்தது.

தச்சன்:
ஓடை, அந்த உதாரணம் உங்கள் வாதத்துக்கு உதவாது. நானே அதில் ஒரு நாள் முழுக்க மாட்டியவன். அங்கே எல்லாவற்றையும் அப்டேட் செய்தாலும் சரியாகவில்லை.

மேட்ரிக்ஸின் உள்ளே இருக்கும் சி மொழி இடைமுகம் மாறியது. பழைய மேட்ரிக்ஸை வைத்துக் கட்டிய ஐஆர்எல்பிஏ பைனரி பழைய இடைமுகத்தைத் தேடியது. ஆனால் ஐஆர்எல்பிஏவின் பதிப்பு எண் மாறவே இல்லை. அப்டேட் கட்டளை பதிப்பு எண்ணைத்தான் ஒப்பிடும், ஆகவே அது புதிதாகத்தான் இருக்கிறது என்று தாண்டிப் போய்விட்டது. செக்பில்டும் உதவவில்லை, ஏனென்றால் ஆர் பதிப்பு மாறவில்லை. ஐஆர்எல்பிஏவை சோர்ஸிலிருந்து மறுபடி கட்டிய பிறகுதான் ஓடியது. கயலிடம் சோர்ஸ் வேண்டாம் என்று சொன்ன நானே இதற்கு சோர்ஸ்தான் வேண்டும் என்று சொல்கிறேன். பிழைச் செய்தி எந்த பேக்கேஜின் பேரைச் சொல்கிறதோ அதைவிட, அதைக் கேட்கிற பேக்கேஜ் எது என்று பார்ப்பது பல நேரம் உதவும்.

ஓடை:
சரி, அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பதிப்பு எண் மாறாததை நான் கவனிக்கவில்லை.

அகல்:
கயலுக்கு ஒரு குறிப்பு. பலர் சேர்ந்து பயன்படுத்தும் சர்வரை நான் பராமரிக்கிறேன். அப்டேட் செய்தேன், ஆனால் பழசே வருகிறது என்று என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோரிடம் ஒரே பேக்கேஜ் இரண்டு இடத்தில் இருக்கும், பொது லைப்ரரியில் ஒன்று, அவர்கள் சொந்த லைப்ரரியில் ஒன்று. லிப்பாத்ஸ் பட்டியலில் எது முதலில் இருக்கிறதோ அதிலிருந்துதான் ஏறும். புதியதா பழையதா என்று ஆர் பார்ப்பதில்லை.

கயல்:
எல்லோருக்கும் நன்றி. ஓடிவிட்டது, ஆனால் நேராக ஓடவில்லை. முழுதாகச் சொல்கிறேன், இதே இடத்தில் நிற்கும் வேறு யாருக்காவது உதவும்.

தச்சன் சொன்னபடி எல்லாவற்றையும் மூடி, 00லாக்கை நீக்கி, வெனிலாவில் ஆர்லாங்கை நிறுவினேன். பதிப்பு புதிதாகக் காட்டியது. ஆர் ஸ்டூடியோவைத் திறந்தால் அதே பிழை, பழைய எண். அகல் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு இடத்திலும் லிப்பாத்ஸை ஓட்டினேன். வேறு வேறு பட்டியல். முந்தைய கணினியிலிருந்து கொண்டுவந்த ஆர்புரொஃபைலில் டி டிரைவில் ஒரு கோப்புறையை முதல் பாதையாக நான்தான் எப்போதோ சேர்த்திருக்கிறேன். அதே கோப்பில் ஆர்லாங்கைக் கேட்கும் வேறொரு பேக்கேஜை ஏற்றும் வரியும் இருந்தது, நேற்று ஆர்லாங் ஏறியிருந்ததற்கும் உறைந்த பிறகு மூடித் திறந்தும் தீராததற்கும் அதுவே காரணம். இரண்டு வரியையும் எடுத்துவிட்டு, தேவையானவற்றை இயல்பான லைப்ரரியில் புதிதாக நிறுவினேன். எல்லாம் ஏறியது.

அப்புறம் கட்டுரையை முதலிலிருந்து ஓட்டினேன். மூன்றாம் அட்டவணையில் ஒரு சராசரி இரண்டாம் தசம இடத்தில் மாறியிருக்கிறது. மாறிலி சொன்ன அரேஞ்ச் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு இடத்துக்கும் அளவீடுகளைக் கருவிக் குறியீட்டின்படி வரிசைப்படுத்தி முதல் வரியை மட்டும் எடுக்கிறேன். குறியீடுகளில் சில பெரிய எழுத்து, சில சிறிய எழுத்து. மூன்று இடங்களில் முதல் வரியாக வேறு கருவி வந்துவிட்டது.

மாறிலி:
இதைத்தான் சொன்னேன். பிழை இல்லை, எச்சரிக்கை இல்லை, எண் மட்டும் மாறியது.

தச்சன்:
உடனடியாகப் பழைய வரிசை வேண்டுமானால் டிபிளையரில் பழைய லொக்கேலுக்குத் திரும்ப ஒரு விருப்பம் இருக்கிறது. அரேஞ்சிலேயே லொக்கேலைக் குறிப்பிடவும் முடியும்.

ஓடை:
கயல், அந்த விருப்பத்தைப் போடுவதற்கு முன் ஒரு நிமிடம். பழைய எண் சரியானது என்று எப்படித் தெரியும்? பழைய அரேஞ்ச் கணினியின் மொழி அமைப்பைப் பார்த்தது என்று மாறிலியே சொன்னார். அப்படியானால் உங்கள் கட்டுரையை வேறு மொழி அமைப்புள்ள கணினியில் ஒருவர் ஓட்டியிருந்தால் அன்றே வேறு சராசரி வந்திருக்கும். எந்தக் கருவியின் அளவீட்டை எடுப்பது என்பதை நீங்கள் தீர்மானிக்கவில்லை, எழுத்து வரிசை தீர்மானித்திருக்கிறது. பூட்டி வைத்திருந்தால் இது அப்படியே அச்சில் போயிருக்கும்.

மாறிலி:
ஓடை சொல்வது சரி, அந்த வரியில் தவறு முன்பே இருந்தது. இதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் ஒன்று கேளுங்கள். எண் மாறியது என்று கயலுக்குத் தெரிந்ததே பழைய அட்டவணை கையில் இருந்ததால்தான். பழைய முடிவு இல்லாமல், பழைய பதிப்பு எது என்றும் தெரியாமல் புதியதை மட்டும் ஓட்டியிருந்தால் புதிய எண்ணையும் இதே நம்பிக்கையோடு அனுப்பியிருப்பார். இப்போதாவது பூட்டுக் கோப்பு ஒன்றை எழுதி வையுங்கள், கயல், அடுத்த மாற்றத்தை எதோடு ஒப்பிடுவது என்று தெரிய வேண்டும்.

கயல்:
கருவிகளின் அளவுத்திருத்தக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். அந்த மூன்று இடங்களிலும் கடைசியாகத் திருத்தப்பட்ட கருவியின் அளவீட்டைத்தான் எடுக்க வேண்டும். பழைய வரிசை இரண்டு இடங்களில் தவறாக எடுத்திருக்கிறது, புதியது ஓர் இடத்தில். ஆக இரண்டு எண்ணுமே சரியில்லை. வரிசையை எழுத்துக் குறியீட்டிலிருந்து திருத்தத் தேதிக்கு மாற்றிவிட்டேன், விருப்பம் எதுவும் போடவில்லை. சராசரி மறுபடி கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, முடிவு மாறவில்லை. மதிப்பீட்டாளருக்கு எழுதும் பதிலில் இதை ஒரு பத்தியாகச் சேர்க்கிறேன்.

ரென்வ் பூட்டுக் கோப்பை இன்று காலை எழுதி ஸ்கிரிப்டுகளோடு சேர்த்துவிட்டேன். டி டிரைவ் கோப்புறையை அழிக்கவில்லை. நேற்று பாதி மாறியது போக அதில் மாறாமல் இருக்கும் பேக்கேஜ்களின் பதிப்பு எண்களைப் பட்டியலாக எடுத்து வைத்திருக்கிறேன்.