ஹம்பிக்கு மூன்று நாள்: பயணக் குறிப்பு எப்படி எழுதுவது?

புதுநோட்டு:
ஜனவரியில் ஹம்பி, தங்கல் ஹொசப்பேட்டையில். போனதை எழுதி வைத்தால் பார்வை விரியும் என்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் "அருமையான கோயில், நல்ல சாப்பாடு, செம வெயில்" என்பதைத் தாண்டவில்லை. என்ன எழுதணும், எப்போ எழுதணும்?

கூர்பென்சில்:
முதலில் "அருமை", "பிரம்மாண்டம்" இரண்டுக்கும் மூன்று நாள் லீவு கொடுங்கள். அந்தச் சொல் வருகிற இடத்தில் ஒரு எண்ணோ பொருளோ விலையோ வரட்டும். விருபாட்சர் கோயிலுக்கு எதிரே உள்ள பழைய கடைத்தெரு "ரொம்ப நீளம்" என்று எழுதாமல், ஓரத்திலிருந்து ஓரத்துக்கு எத்தனை எட்டு என்று நடந்து எண்ணுங்கள். ஹம்பி விஜயநகர ராஜ்ஜியத்தின் தலைநகராக இருந்தபோது, 1520 வாக்கில் இங்கே வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸ் சந்தையில் என்ன தானியம், என்ன பறவை, என்ன விலை என்று எழுதி வைத்தார். அதனால்தான் ஐந்நூறு வருஷம் கழித்தும் அவர் குறிப்பு பயன்படுகிறது.

நோட்டு சட்டைப்பையில் நுழையணும். 80 முதல் 100 பக்கம், நூல் தைத்தது. பசை ஒட்டிய நோட்டு வெயிலில் பக்கம் பக்கமாகக் கழன்றுவிடும். HB பென்சில் போதும். ஜெல் பேனா எழுத்து வியர்வை பட்டால் இழுகிவிடும். இடப்பக்கத்தில் நின்ற இடத்திலேயே எழுதுங்கள்: நேரம், இடம், அப்புறம் விஷயம். வலப்பக்கம் காலியாக இருக்கட்டும், அது ராத்திரிக்கு.

ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஓர் எழுத்து: பா (பார்த்தது), கே (கேட்டது), யூ (யூகித்தது). பாதிப் பேர் தவறுவது இங்கேதான். விட்டலர் கோயில் இசைத்தூணை வெள்ளைக்காரன் அறுத்துப் பார்த்தான் என்று வழிகாட்டி சொல்வார். அது "கே". ஊர் திரும்பியதும் அதையே "பா" மாதிரி நாலு பேரிடம் சொல்லிவிடுவோம்.

கோட்டோவியம்:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, ஹம்பியைப் பற்றி உங்களுக்குத் "தெரிந்த" பத்து விஷயத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். "பாழடைந்த ஊர்", "வெளியாள் வாடையே இல்லாத ராஜ்ஜியம்", இப்படி எது மனசில் இருந்தாலும்.

பிறகு மகாநவமி மேடைக்குப் போய்ச் சுவர்ச் சிற்பத்தில் ஒரே ஒரு சாண் அளவு இடத்தை மட்டும் 15 நிமிஷம் வரையுங்கள். படம் கோணலாக வந்தால் பரவாயில்லை. போட்டோ எடுத்தால் "குதிரை, ஆட்கள்" என்று கடந்துவிடுவோம். வரையும்போது தொப்பி எப்படி, அங்கி எதுவரை, யார் கையில் கடிவாளம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தே ஆகணும். இவர்கள் நம்மூர் ஆட்கள் இல்லையே என்பது அப்போதுதான் உறைக்கும். படைக்கு வேண்டிய நல்ல குதிரை கடல் தாண்டி, மேற்குக் கரைத் துறைமுகங்கள் வழியாக வந்தது. அடுத்து யானைக் கொட்டாரத்தின் குவிமாடங்களையும் தாமரை மகாலின் வளைவுகளையும் பாருங்கள், அவை இஸ்லாமியக் கட்டடப் பாணி. முதல் பக்கத்தில் இரண்டாவது வரியை அடிக்க வேண்டியிருக்கும். முதல் வரியும் தப்பாது: விஜயநகரக் காலத்து வாய்க்கால்கள் சில இன்றைக்கும் வாழைக்கும் நெல்லுக்கும் தண்ணீர் கொண்டுபோகின்றன. அடித்த வரியை அழிக்காதீர்கள், கோடு மட்டும் போடுங்கள்.

ஒலிப்பெட்டி:
நடந்துகொண்டே எழுத முடியாது, போனில் பேசிப் பதிவதே வசதி. ஆரம்பத்தில் தேதி, நேரம், இடம் சொல்லிவிட்டுப் பேசுங்கள். ஒரு பதிவு ஒரு நிமிஷத்தைத் தாண்ட வேண்டாம். பத்து நிமிஷப் பதிவைத் திரும்ப யாரும் கேட்பதில்லை. ஆற்றோரம் காற்று இரைச்சல் பேச்சை விழுங்கிவிடும், முதுகைக் காற்றுப் பக்கம் திருப்பிப் போனை மார்போடு அணைத்துப் பிடியுங்கள். பரிசல்காரர் பேச்சைப் பதிவதானால் அனுமதி கேட்டுவிட்டுத்தான்.

கூர்பென்சில்:
சரிதான் ஒலிப்பெட்டி, ஆனால் அன்றைக்கு ராத்திரியே 20 நிமிஷம் உட்கார்ந்து நோட்டில் ஏற்றிவிடணும். இரண்டு நாள் தள்ளினால் எந்த மண்டபம் எது என்று குழம்பும். இன்னொன்று, "இந்த ஊர்க்காரர்கள் எல்லாம்" என்று ஆரம்பிக்கிற வரியை அப்படியே விடாதீர்கள். "டீக்கடையில் ஒருவர் சொன்னார்" என்று மாற்றுங்கள். நாம் பேசியது மொத்தமே ஆறேழு பேரிடம்தானே.

புதுநோட்டு:
நன்றி. விருபாட்சர் கோயிலில் கோபுர நிழல் தலைகீழாக விழுமாமே, அதை எப்படிக் குறிப்பது?

கோட்டோவியம்:
சின்னத் துவாரம் வழியாக வரும் ஒளி, கோபுரத்தை உள்ளே சுவரில் கவிழ்த்துக் காட்டுகிறது. மேலிருந்து வரும் கதிர் கீழேயும், கீழிருந்து வருவது மேலேயும் போய் விழும், அவ்வளவுதான். துவாரம் எங்கே, சுவர் எத்தனை எட்டுத் தள்ளி என்று ஒரு கோட்டுப்படம் போடுங்கள். கோபுரம் கிழக்கே இருக்கிறது. காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை போய், எப்போது நிழல் பளிச்சென்று தெரிகிறது என்று மணியோடு எழுதுங்கள். அந்த நேரத்தில் மட்டும் ஏன் பளிச்சென்று தெரிகிறது என்ற காரணத்தை வலப்பக்கத்தில் "யூ" போட்டு நீங்களே எழுதிப் பாருங்கள், இங்கே சொல்ல மாட்டேன்.

புதுநோட்டு:
பென்சில் சீவ பிளேடு கொண்டுபோகலாமா?

கூர்பென்சில்:
மூடி வைத்த ஷார்ப்னர். சீவல் கோயில் தரையில் விழக்கூடாது.