வர்ஜீனியாவின் லவுடன் கவுண்டி சூப்பர்வைசர்: பார்த்தவர்கள், பேசியவர்கள் அனுபவத்தை எழுதுங்கள்

ஆஷ்பர்ன்வாசி:

கவுண்டி போர்டுக்கு ஓட்டுப் போட்டு அனுப்புகிறோமே, அந்த சூப்பர்வைசர் ஆபீஸிலிருந்து வரும் செய்திமடலை எத்தனை பேர் திறந்து படிக்கிறீர்கள்? எந்த ரோட்டில் எந்த வாரம் லேன் மூடுவார்கள், கோடைக்கால முகாமுக்கு எப்போது பதிவு, பட்ஜெட் விசாரணை என்றைக்கு, நாய்க்கு ரேபிஸ் ஊசி எங்கே போடுகிறார்கள், எல்லாம் அதில்தான் வருகிறது. என்ன, மெயிலில் விளம்பரங்களோடு விளம்பரமாகக் கிடக்கும், தேடி எடுக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுத் தம்பிக்குச் சமீபத்தில் குடியுரிமை கிடைத்தது. "அதிபர் தேர்தல் தெரியும், செனட் தெரியும், இந்தக் கவுண்டி ஆட்களால் நமக்கு என்ன ஆகப் போகிறது அண்ணா?" என்று கேட்டார். போர்டில் மொத்தம் 9 பேர். தலைவரைக் கவுண்டி முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறோம்; 2016 முதல் ஃபிலிஸ் ராண்டல். மற்ற 8 பேரும் ஆளுக்கொரு டிஸ்ட்ரிக்ட், அதாவது தொகுதி. நாலு வருடத்துக்கு ஒரு தேர்தல், கடைசியாக 2023, அடுத்தது 2027. அதிபர் தேர்தலுக்கு வரும் கூட்டம் இதற்கு வருவதில்லை. ஆனால் வீட்டு வரி, நூலகம், பார்க், பள்ளிக்கூடத்துக்குப் போகும் பணம், உங்கள் வீட்டுக்குப் பின்னால் காலி நிலத்தில் என்ன எழும்பலாம் என்பது, இதெல்லாம் இவர்கள் கையில்தான் இருக்கிறது. இவ்வளவும் அவருக்குச் சொன்னேன்.

இது கவுண்டி வெப்சைட்டிலேயே இருக்கிறது. எனக்கு வேண்டியது உங்கள் கதை. போய்ப் பேசினீர்களா? வேலை நடந்ததா?

டெக்சாஸ் ரிட்டர்ன்:

நான் பேசியது கார் வரிக்காக. டெக்சாஸில் இப்படி ஒரு பில்லைப் பார்த்ததே கிடையாது. இங்கே வந்த வருடம் இரண்டு வண்டிக்கும் சேர்த்து வந்த தொகையைப் பார்த்து, யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று என் மனைவி கவரையே குப்பையில் போடப் போனாள். அந்தச் சூட்டில் சூப்பர்வைசருக்கு நீளமாக ஒரு மெயில் தட்டினேன்.

மறுநாளே பதில் வந்தது. எழுதியவர் சூப்பர்வைசர் இல்லை, அவருடைய உதவியாளர். வண்டியின் மதிப்பைப் போடுபவர் கமிஷனர் ஆஃப் தி ரெவென்யூ. பில் அனுப்பிப் பணம் வாங்குபவர் டிரஷரர். இரண்டு பேரும் தனித்தனியாகத் தேர்தலில் ஜெயித்து வந்தவர்கள், சூப்பர்வைசருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் இல்லை. 100 டாலர் மதிப்புக்கு எத்தனை டாலர் வரி என்ற விகிதத்தை மட்டும்தான் போர்டு முடிவு செய்கிறது. மைலேஜ் அதிகம் ஓடிய வண்டி என்றால் மதிப்பைக் குறைக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம் என்று லிங்க்கும் கொடுத்திருந்தார். என் பழைய டொயோட்டாவுக்குப் போட்டேன், குறைத்தார்கள். பெரிய தொகை இல்லை, ஆனாலும் ஒரு திருப்தி. புதிதாக வந்தவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: கார் வரிக்கு மே 5, அக்டோபர் 5. வீட்டு வரிக்கு ஜூன் 5, டிசம்பர் 5. கெடு தாண்டினால் அபராதம்.

பிராம்பிள்டன் அம்மா:

நான் எங்கள் சூப்பர்வைசரை நேரில் பார்த்தேன். நூலகத்தில் ஒரு சனிக்கிழமை மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். நாலைந்து பேர் வரிசை. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் மரக்கிளை விஷயமாகப் பேசிப் பேசி மாளவில்லை.

என் பிரச்சினை ரோடு தாண்டுவது. மகன் நடந்து போகும் தூரத்தில்தான் பள்ளி. ஆனால் நடுவில் ஒரு ரோடு, வண்டிகள் பறக்கும், கோடு போட்ட கிராஸிங் கிடையாது. ஹெச்ஓஏ-வில் (குடியிருப்பின் வீட்டுக்காரர்கள் சங்கம்) கேட்டேன், எங்கள் ரோடு இல்லை என்றார்கள். பள்ளியில் கேட்டேன், எங்கள் காம்பவுண்டுக்கு வெளியே எங்களால் எதுவும் முடியாது என்றார்கள். இவரிடம் அதைச் சொன்னதும் பக்கத்தில் இருந்த உதவியாளப் பெண் லேப்டாப்பில் கவுண்டி வரைபடத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். "எந்த மூலை, விரல் வைத்துக் காட்டுங்கள்" என்றாள். எங்கள் வீட்டுக் கூரை, பக்கத்து நடைபாதை, குப்பைத்தொட்டி வைக்கும் இடம் வரை தெரிந்தது. நான் விரல் வைத்த இடத்தைப் படம் பிடித்துக்கொண்டு, காலை எத்தனை மணி, எத்தனை பிள்ளைகள், எந்தப் பக்கத்திலிருந்து வண்டி வேகமாக வருகிறது என்று கேட்டுக் கேட்டு எழுதினாள்.

அப்புறம்தான் ஒன்று புரிந்தது. வர்ஜீனியாவில் பெரும்பாலான கவுண்டிகளில் ரோடு கவுண்டியுடையது இல்லை, மாநிலத்துடையது. 1932-ல் போட்ட சட்டமாம். விடாட் என்ற மாநிலப் போக்குவரத்துத் துறை சம்மதிக்காமல் தாரில் ஒரு வெள்ளைக் கோடுகூடப் போட முடியாது. ஆய்வுக்கும் கட்டுமானத்துக்கும் கவுண்டி பணம் ஒதுக்கலாம். காலையில் ரோட்டில் நின்று பிள்ளைகளைத் தாண்டவிடும் காவலர் வேண்டும் என்றால் அது ஷெரிஃப் ஆபீஸ். ஷெரிஃபும் தனித் தேர்தல். ஆக மொத்தம் இந்த ஒரு மூலைக்கு இத்தனை பேரைப் பிடிக்க வேண்டும். அந்த உதவியாளப் பெண்தான் எல்லாருக்கும் ஒரே மெயில் போட்டு என்னையும் அதில் சேர்த்தாள். ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இப்போது கோடும் இருக்கிறது, மினுங்கும் மஞ்சள் விளக்கும் இருக்கிறது. என் மகன் மிடில் ஸ்கூல் போய்விட்டான், பரவாயில்லை, மற்றப் பிள்ளைகள் தாண்டுகிறார்கள்.

ஒரு விஷயம்: எங்களுக்கு அப்போது எச்1பி விசா. நீ சிட்டிசனா, ஓட்டு இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. முகவரி மட்டும் கேட்டார்கள்.

நேரடிப் பேச்சு:

எல்லாரும் புகழ்கிறீர்கள், நான் மறுபக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். தீபாவளி விழாவுக்கு வருவார்கள், பொங்கலுக்கு வருவார்கள், சால்வை போர்த்துவோம், "வனக்கம்" என்பார்கள், நாம் கைதட்டுவோம், அடுத்த மடலில் படம் வரும். நான் ஒரு விழாவில் பக்கத்தில் போய் நிலத்தின் வகைப்பாடு மாற்றுவதைப் பற்றிக் கேட்டேன். "மெயில் போடுங்கள்" என்று கார்டைக் கொடுத்துவிட்டு செல்ஃபிக்கு நகர்ந்துவிட்டார். யார் என்று சொல்ல மாட்டேன், எல்லாக் கட்சியிலும் இப்படி உண்டு.

பிராம்பிள்டன் அம்மா:

விழாவில் பிடித்தால் அப்படித்தான் சார் ஆகும். அங்கே அவருக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். மெயில் போட்டீர்களா?

நேரடிப் பேச்சு:

போடவில்லை. சரி, போட்டுப் பார்க்கிறேன்.

வேலி எஸ்டேட்ஸ் வாசி:

என்னுடையது டேட்டா சென்டர் கதை, கொஞ்சம் நீளம்.

நம் கவுண்டியில் 200-க்குக் கிட்ட டேட்டா சென்டர் இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் ஒரே இடத்தில் இவ்வளவு கிடையாது என்கிறார்கள். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு 2025-ல் 100 டாலர் மதிப்புக்கு 4.15 டாலர் என்று வரி. கவுண்டியின் பொது வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அங்கிருந்துதான் வருகிறது. நம் வீட்டு வரி விகிதம் வருடாவருடம் இறங்கி வந்ததற்கு அதுதான் முக்கியக் காரணம். 2025-ல் 100 டாலருக்கு 80.5 சென்ட். பக்கத்து ஃபேர்ஃபாக்ஸில் ஒரு டாலருக்கு மேல். இதைச் சொல்லாமல் டேட்டா சென்டரைத் திட்டுவது நியாயமில்லை. நம்மில் பாதிப் பேருக்கு கிளவுட்தான் சோறு போடுகிறது.

ஆனால் அந்தக் கட்டிடங்களுக்கு மின்சாரம் வேண்டும், அதற்கு லைன் வேண்டும். கோல்டன் என்ற துணைமின் நிலையத்திலிருந்து மார்ஸ் என்ற இடத்துக்கு 500 கிலோவோல்ட் லைன், எங்கள் லவுடன் வேலி எஸ்டேட்ஸ் ஓரமாக, பெரிய பெரிய கோபுரங்களில். இங்கே பாதி வீட்டு வாசலில் கோலம் இருக்கும், அப்படி ஒரு குடியிருப்பு. வாட்ஸ்அப் குழுவில் இரவெல்லாம் தூங்கவில்லை. மண்ணுக்கடியில் கொண்டுபோங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

லீஸ்பர்க் அரசு மையத்தில் போர்டு கூட்டத்துக்குப் போனோம். முன்கூட்டியே பெயர் கொடுத்தால் பேசலாம். மேடையில் 9 பேரும் அரைவட்டமாக உட்கார்ந்திருப்பார்கள், கீழே ஒரு மைக், எதிரே நேரம் காட்டும் விளக்கு. பச்சை, மஞ்சள், சிவப்பு. வீட்டில் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்ததெல்லாம் மஞ்சள் விழுந்ததும் மறந்துபோகும். எனக்கு முன்னால் பேசிய பாட்டி, மருமகள் எழுதிக் கொடுத்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, தன் ஆங்கிலத்தில், "என் பேரன் விளையாடும் இடம். மேலே பார்த்தால் வானம் தெரிய வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சூப்பர்வைசர் நிமிர்ந்தார்.

போர்டு எங்கள் பக்கம்தான் நின்றது, அதில் சந்தேகமில்லை. மண்ணுக்கடியில் போடத்தான் அவர்களும் வாதாடினார்கள். ஆனால் லைன் எந்த வழியாகப் போகும் என்று தீர்ப்புச் சொல்வது மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் இருக்கும் ஸ்டேட் கார்ப்பரேஷன் கமிஷன் என்ற மாநில ஆணையம். கவுண்டி அங்கே போய் நம்மைப் போல ஒரு தரப்பாக நிற்கலாம், அவ்வளவுதான். முன்பெல்லாம் சில வகை நிலங்களில் டேட்டா சென்டர் கட்டப் போர்டைக் கேட்கவே வேண்டாம், விதிப்படி இருந்தால் தானாக அனுமதி. 2025 மார்ச்சில் அதை எடுத்துவிட்டார்கள், இனி ஒவ்வொன்றும் போர்டு முன் விசாரணைக்கு வந்தாக வேண்டும். நல்ல முடிவு. ஆனால் ஏற்கெனவே அனுமதி வாங்கியவை வரிசையில் நிற்கின்றன. இதைப் பத்து வருடம் முன்னாலேயே செய்திருந்தால் நாங்கள் லீஸ்பர்க்குக்கு அலைந்திருக்க வேண்டாம்.

லவுடன் பழசு:

வேலி எஸ்டேட்ஸ் தம்பி சொன்னது உண்மைதான். ஆனால் போர்டு கையிலேயே முழுசாக இருந்த ஒரு முடிவை நான் பார்த்திருக்கிறேன். 2012 ஜூலை. மெட்ரோ சில்வர் லைன் நம் கவுண்டிக்குள் வருமா வராதா என்று ஓட்டெடுப்பு. செலவு அதிகம், வரி ஏறும் என்று ஒரு கூட்டம், வராவிட்டால் விமான நிலையத்தோடு நின்றுவிடும் என்று இன்னொரு கூட்டம். 5-க்கு 4 என்று ஜெயித்தது. ஒரே ஒரு ஆள் மாற்றிப் போட்டிருந்தால் ஆஷ்பர்ன் ஸ்டேஷன் இல்லை. அப்புறம் தண்டவாளம் போட்டு ரயில் ஓட 2022 நவம்பர் 15 ஆனது, அது தனிக் கதை.

நான் அப்போது கிரீன் கார்டு, ஓட்டு கிடையாது. ஆனால் எங்கள் சூப்பர்வைசருக்கு ஃபோன் போட்டு, அவருடைய ஆபீஸில் இருந்தவரிடம் கால் மணி நேரம் பேசினேன். தினம் டி.சி.க்கு எப்படிப் போகிறேன், என்ன செலவு என்று விசாரித்து எழுதிக்கொண்டார். என் ஃபோனால் ரயில் வந்தது என்று சொல்லமாட்டேன்! 2000-ல் இந்தக் கவுண்டியில் 1.7 லட்சம் பேர், 2020 கணக்கெடுப்பில் 4.2 லட்சம். வந்த எல்லாரும் அன்றே வாயைத் திறந்திருந்தால் நிறைய விஷயம் வேறு மாதிரி இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பர்செல்வில் பண்ணை:

மேற்கு லவுடனில் இருக்கும் ஒரே தமிழன் நான்தானோ என்னவோ! நீங்கள் ரோடு கேட்கிறீர்கள், எங்கள் பக்கம் ரோடு போடாதே என்று கூட்டம் நடக்கும். இந்தக் கவுண்டியில் இன்னும் 250 மைலுக்கு மேல் மண் ரோடும் ஜல்லி ரோடும் இருக்கின்றன. எங்கள் ரோட்டுக்குத் தார் போடலாமா என்ற பேச்சு வந்தபோது அக்கம்பக்கத்தார் கொதித்துவிட்டார்கள். தார் போட்டால் வண்டி வேகம் கூடும், குதிரை நடக்க முடியாது, அப்புறம் வீடு கட்டுகிறவன் வருவான். ஊரில் எங்கள் கிராமத்துக்குத் தார் ரோடு வந்தபோது மேளம் அடித்தோம். சூப்பர்வைசர் ரப்பர் பூட்ஸோடு வந்து அந்த ரோட்டிலேயே நின்று பேசினார். ரோடு இன்றும் ஜல்லிதான். எனக்கும் பழகிவிட்டது, காரைக் கழுவுவதை விட்டுவிட்டேன்.

மிட் விக்கெட்:

சின்ன விஷயம். ஆல்டியில் ஹான்சன் பார்க் வந்ததே, அதில் கிரிக்கெட் ஆட இடம் இருக்கிறதே, அது சும்மா வரவில்லை. பார்க் திட்டம் பேசிய காலத்தில் நம் பசங்க, ஆந்திரா பசங்க, பாகிஸ்தான் நண்பர்கள் எல்லாரும் கூட்டங்களுக்குப் போய் உட்கார்ந்தார்கள். கிரிக்கெட்டுக்குப் பெரிய வட்டம் வேண்டும், சாக்கர் மைதானத்தில் ஆடினால் பந்து கார் பார்க்கிங்கில் விழும் என்று படம் போட்டே காட்டினார்கள்.

நேரடிப் பேச்சு:

மெயில் போட்டேன். நிஜமாகவே பதில் வந்தது. நான் கேட்ட நிலம் எப்போது பிளானிங் கமிஷனுக்கு வரும், அப்புறம் போர்டுக்கு எப்போது, கோப்பு எண் என்ன என்று எழுதியிருக்கிறார்கள். சூப்பர்வைசர் எந்தப் பக்கம் ஓட்டுப் போடுவார் என்பதற்கு மட்டும் பதில் இல்லை. அது கெட்டிக்காரத்தனம்.

டெக்சாஸ் ரிட்டர்ன்:

அப்படியே நம் ஏர்போர்ட் பக்கம் போகும் டல்லஸ் (Dulles) கிரீன்வே ரோட்டின் டோலைக் குறைக்க யாரைப் பிடிக்க வேண்டும் என்றும் யாராவது சொல்லுங்களேன். ஏர்போர்ட் போய் வந்தாலே கை கடிக்கிறது.

லவுடன் பழசு:

அதுவும் ரிச்மண்ட்தான் தம்பி. தனியார் ரோடு, டோலை முடிவு செய்வது அதே ஸ்டேட் கார்ப்பரேஷன் கமிஷன். நெரிசல் நேரக் கட்டணத்தை 5.80-லிருந்து 8.10 ஆக்கக் கேட்டார்கள், நம் போர்டும் எதிர்த்தது, 2024-ல் கமிஷன் மறுத்துவிட்டது. மறுபடி கேட்டு வரும்போது கமிஷன் வெப்சைட்டில் நீங்களே கருத்து எழுதலாம். வழக்கு எண்ணை சூப்பர்வைசர் ஆபீஸில் கேட்டால் கொடுப்பார்கள்.