மறு: கோல்டன்ராட் – பொற்கோலா, பொற்சாமரையா?

> ஆளுயரச் செடி, உச்சியில் மஞ்சள் பூ. வட அமெரிக்காவில் வயலோரம், சாலையோரம் எங்கு பார்த்தாலும் இதுதான். என்ன செடி? தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது கோல்டன்ராட், சாலிடாகோ பேரினம், சூரியகாந்திக் குடும்பம். எந்த இனம் என்று அறியத் தண்டைத் தடவிப் பாருங்கள். அடியிலிருந்தே சொரசொரவென்று மயிர் இருந்தால் அல்டிசிமா. அடித்தண்டு வழவழப்பாகவும் மேலே மட்டும் மயிராகவும் இருந்தால் கனடென்சிஸ். பூங்கொத்து தொடங்கும் இடம்வரை வழவழப்பாக இருந்தால் ஜைகான்டியா. சில தண்டுகள் நடுவில் உருண்டையாகப் புடைத்திருக்கும். உள்ளே ஒரு ஈயின் புழு குடியிருக்கிறது, அவ்வளவுதான். குளிரில் தண்டு காய்ந்துவிடும். ஆனால் மண்ணுக்குள் மட்டநிலத்தண்டு பரவிக்கொண்டே போகும். ஐரோப்பாவிலும் சீனாவிலும் இது பெரிய தொல்லைக் களையானதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

சரி, சொல்லுக்கு வருவோம்.

> 'ஒவ்வாமைப்பூ' எப்படி?

வேண்டவே வேண்டாம். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். இதன் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. தேனீயும் வண்டும்தான் சுமந்து போகும். தும்மல் வரவைப்பது பெரும்பாலும் அதே பருவத்தில் பூக்கும் ரேக்வீட் என்ற களைச்செடி. அதன் பச்சைப் பூவை யாரும் கவனிப்பதில்லை, மகரந்தமோ காற்றில் பறக்கிறது. பொய்ப்பழியைப் பெயராகவே வைத்துவிட்டால் பிறகு அழிக்க முடியாது.

'பொற்கோல்' நேர் மொழிபெயர்ப்பு, இலக்கணமும் சரி. ஆனால் கோல் என்றால் விறைப்பாக நிற்பது. இங்கே தண்டு பச்சை, பொன்னெல்லாம் உச்சியில்தான். அந்தக் கிளைகளும் வளைந்து தொங்குகின்றன, பூக்கள் கிளையின் மேற்பக்கமாகவே வரிசைகட்டி நிற்கின்றன. எனக்குச் சாமரம்தான் தெரிகிறது. அதனால் 'பொற்சாமரை' என்கிறேன். ஆவாரை, கொன்றை என்று செடிப்பெயர் ஐகாரத்தில் முடிவதும் நமக்குப் பழக்கம்.

> பொற்றாமரை என்று படித்துவிட மாட்டார்களா?

நியாயமான பயம். வேகமாகப் படித்தால் மதுரைக் குளத்துக்கே போய்விடுவார்கள். அப்படியும் செடிப்பெயர் வரும் இடத்தில் குளம் குறுக்கிட வாய்ப்பு குறைவு.

எனக்கு உறுத்துவது வேறு. பேரினம் முழுவதும் சாமரம் போலப் பூப்பதில்லை. பைகலர் என்ற இனத்தில் பூ வெள்ளை, கொத்தும் ஒடுங்கி நேராக நிற்கும். அதை 'வெள்ளைப் பொற்சாமரை' என்றால் சிரிப்பார்கள். ஆகவே பேரினத்துக்குப் பொற்கோலே இருக்கட்டும், பைகலருக்கு வெண்கோல். வளைந்து பூக்கும் இனங்களுக்கு மட்டும் சாமரை: கனடாப் பொற்சாமரை, அல்டிசிமாவுக்கு நெடும்பொற்சாமரை, கடற்கரையில் வளரும் செம்பர்வைரன்சுக்குக் கடலோரப் பொற்சாமரை.

பேரினத்துக்கு ஒரு சொல், இனத்துக்கு வேறொன்றா என்று கேட்பீர்கள். சிக்கல்தான். அகராதியில் ஏற்றுபவர்கள் எதிர்த்தால் பொற்கோலோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. அப்புறம், ரேக்வீடுக்கும் ஒரு நல்ல சொல் தேவை. அதைத் தனி இழையில் தொடங்குங்கள், இங்கே கலக்க வேண்டாம்.