சொல் வேண்டும்: ஜியாங்சி ‘ஸோங்பாய்’ – பள்ளியா, கால்வழியா?

தொகுப்பாசிரியர்:
வணக்கம். சோங் காலச் சீனக் கவிதைத் தொகுப்பின் சொல்லடைவு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘ஸோங்பாய்’ என்ற சீனச் சொல்லுக்கு மட்டும் தமிழ்ச் சொல் அமையாமல் நிற்கிறது. ஹுவாங் திங்ஜியனை (1045–1105) தலையில் வைத்து 25 கவிஞர்களை வரிசைப்படுத்திய லூ பென்ஜோங், அதை ‘ஜியாங்சி ஸோங்பாய்’ வரைபடம் என்றார் (ஜியாங்சி ஹுவாங்கின் ஊர்ப்பகுதி). ‘ஜியாங்சிப் பள்ளி’ என்று எழுதினேன். படித்த இருவர் அங்கே பாடசாலை இருந்ததாக எடுத்துக்கொண்டார்கள்.

இலக்கண ஆசிரியர்:
கால்வழி என்க. ‘ஸோங்’ குலமுதல்வன், ‘பாய்’ ஆற்றின் கிளை. நம் ‘கால்’ வாய்க்காலிலும் உண்டு, கால்வழியிலும் உண்டு. நீர் பிரிவதும் குலம் பிரிவதும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. இதைவிடப் பொருத்தம் கிடைக்காது.

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, கால்வழி என்றால் சொந்த வழித்தோன்றல்கள். வரைபடத்தில் ஹுவாங்கின் மகன் யாருமில்லை. ஹோங் உடன்பிறப்புகள் மூவர் அவருடைய சகோதரி மக்கள். நம் கணக்கில் மருமக்கள். துறவிகளும் மூவர். பட்டியலில் உள்ள சென் ஷிதாவ் ஜியாங்சிக்காரரே அல்லர். ‘கவிதை ஜியாங்சி, ஆட்கள் எல்லாரும் ஜியாங்சி அல்லர்’ என்று சோங் காலக் கவிஞர் யாங் வான்லி அன்றே தெளிவாக்கிவிட்டார்.

இறங்கியது இரத்தம் அன்று, முறை. டாங் காலக் கவிஞர் து ஃபூவின் பாட்டில் முன்னோரிடம் மூலமில்லாத சொல் ஒன்றுகூட இல்லை என்பது ஹுவாங்கின் கருத்து. முன்னோர் சொல்லை எடுத்துத் தன் மையில் இட்டால் இரும்பு பொன்னாகும் என்று அந்த மருமக்களில் ஒருவரான ஹோங் சூவுக்கு எழுதிய கடிதத்தில் ஹுவாங் சொல்கிறார். நன்னூல் பாயிரத்தின் ‘முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்’ இதற்கு மிக அருகில் நிற்கிறது. ஆனால் நன்னூலார் பொன்னைப் போற்றச் சொல்கிறார். ஹுவாங் உருக்கி மாற்றச் சொல்கிறார்.

கல்வெட்டு அன்பர்:
‘பள்ளி’யை ஆங்கிலத்தின் நிழல் என்று தள்ளாதீர்கள். சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடம் பள்ளி. அதற்கு விட்ட நிலம் பள்ளிச்சந்தம். ‘ஸோங்’ என்பதே சான் (ஜென்) பௌத்தப் பிரிவுகளுக்கும் வழங்கும் சொல். லூவின் வரைபடமும் அந்தக் குரு வரிசையைப் பார்த்துப் போட்டதுதான்.

சைவ இலக்கிய மாணவி:
குரு வரிசை என்றால் சந்தானம் இருக்கிறதே! மெய்கண்டார் முதல் உமாபதி சிவம் வரை புறச்சந்தானக் குரவர் நால்வர். சோங்குக்குப் பின் வந்த யுவான் காலத்து விமர்சகர் ஃபாங் ஹுயும் ‘ஒரு மூதாதை, மூன்று குரவர்’ என்று நால்வரைத்தான் நிறுத்தினார்: து ஃபூ, ஹுவாங், சென் ஷிதாவ், சென் யூயி. இவர்களில் சென் யூயி லூவின் பட்டியலில் இல்லை. 770இல் மறைந்த து ஃபூ, ஜியாங்சி மரபுக்கு முதல்வரானது இப்படித்தான்.

இலக்கண ஆசிரியர்:
சந்தானம் வடசொல். இன்று கடையில் கேட்டால் பிள்ளைப்பேறு என்பார்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
அப்படியானால் கொடிவழி. லூ போட்டது வரைபடம். நம்மிடம் வம்சப் படத்துக்கே கொடிவழி என்ற பெயர் உண்டு. வள்ளிக்கொடி படர்ந்த இடத்தில் கணுவுக்குக் கணு வேர்விடும். வேற்றூர்க் கவிஞர்களுக்கு அது பொருந்தும்.

தொகுப்பாசிரியர்:
கொடிவழி என்கிறீர்கள். அதையே போடுகிறேன். முதல் வருகையில் ‘முறையால் வந்தது, பிறப்பால் அன்று’ என்று அடிக்குறிப்பு இருக்கும்.

கல்வெட்டு அன்பர்:
அடிக்குறிப்பு கேட்கும் சொல்லுக்குப் பள்ளி என்ன குறைந்துவிட்டது? சொல்லடைவில் ‘பள்ளி – காண்க: கொடிவழி’ என்றாவது ஒரு வரி சேருங்கள்.